பாமிரின் மேற்கும் கிழக்கும்: தண்ணீர், விறகு, வீடு, மக்கள்

#1 | நிலவரைவு

பாமிர் பற்றிப் பேச்சு எடுத்தாலே சிகரங்களின் உயரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இஸ்மாயில் சோமோனி 7,495 மீட்டர், லெனின் சிகரம் 7,134 மீட்டர். சரி, ஆனால் அந்த மலைநாட்டில் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பது இந்த எண்களில் இல்லை. வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்புக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால் மொழி, மதம், வீடு, சாப்பாடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

இந்த இழையில் பேசுவது தஜிகிஸ்தானின் கோர்னோ-படக்‌ஷான் தன்னாட்சிப் பகுதி பற்றி. பரப்பு சுமார் 64,000 சதுர கிலோமீட்டர், நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு. மக்கள் தொகையோ இரண்டு லட்சத்துச் சொச்சம், நாட்டில் 2–3 விழுக்காடுதான். அந்தச் சொச்சமும் சீராகப் பரவியிருக்கவில்லை. கிழக்கே உள்ள மூர்காப் மாவட்டம் மட்டும் 38,000 சதுர கிலோமீட்டர், அதாவது பகுதியில் பாதிக்கு மேல். அங்கே இருப்பவர்கள் 15,000 பேர் அளவில்தான். மற்ற எல்லாரும் மேற்குப் பள்ளத்தாக்குகளில் நெருக்கியடித்து இருக்கிறார்கள்.

மேற்கில் வஞ்ச், யாஸ்குலாம், பர்தாங், ஷாக்தராவைச் சேர்த்துக்கொண்ட குந்த் என்று ஆறுகள் மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு போய் பஞ்ச் ஆற்றில் விழுகின்றன. ஊர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 மீட்டருக்குள். இந்தப் பகுதியின் தலைநகர் கோரோக், குந்த் ஆறு பஞ்சில் சேரும் இடத்தில் ஏறக்குறைய 2,100 மீட்டரில் இருக்கிறது. கிழக்கில் ஆறுகள் அப்படி அறுக்கவில்லை. பள்ளத்தாக்கின் தரையே 3,500 முதல் 4,200 மீட்டர். அகலமாக, மொட்டையாக, காற்று வாங்கிக்கொண்டு கிடக்கிறது. மூர்காப் ஊர் 3,600 மீட்டர்.

மழையும் இதே கோட்டில்தான் பிரிகிறது. ஈரம் மேற்கிலிருந்து வருகிறது. ஃபெட்சென்கோ பனியாற்றுப் பக்கம் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு, கோரோக்கில் 250 சொச்சமாகக் குறைந்து, மூர்காப் போய்ச் சேரும்போது 100-க்கும் கீழே போய்விடுகிறது. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றை காரகோரமும் இந்துகுஷும் மறித்துவிடுகின்றன.

#2 | முல்லைக்கொடி

ஒரு சந்தேகம். கிழக்கிலும் பனியாறு, ஆறு எல்லாம் இருக்கிறதே. மழை இல்லாவிட்டால் என்ன, வாய்க்கால் வெட்டிப் பயிர் வைக்க முடியாதா?

#3 | நீரோட்டம்

முல்லைக்கொடி, அங்கே இடிப்பது தண்ணீர் இல்லை, வெப்பம். 3,600 மீட்டருக்கு மேல் ஜூலையிலும் இரவில் உறைபனி விழலாம். சோவியத் காலத்தில் மூர்காப் அருகே செச்செக்தியில் ஓர் உயிரியல் நிலையம் வைத்து 3,800 மீட்டருக்கு மேல் பார்லி முதல் காய்கறி வரை சோதித்தார்கள். சிலது தழைக்கும், மணி முற்றுவது நிச்சயமில்லை. ஆகவே கிழக்கு மேய்ச்சல் நிலம்: யாக் எனும் சடைமாடு, செம்மறி, ஆடு.

மேற்கில் கோதுமை, பார்லி, ரை தானியம், பெரிய அவரை, உருளைக்கிழங்கு, தாழ்ந்த ஊர்களில் முசுக்கட்டை, ஆப்ரிகாட் எல்லாம் விளையும். மழையை நம்பி இல்லை, வாய்க்காலை நம்பி. வெளியாட்கள் வழக்கமாகத் தவறாக நினைப்பது: பஞ்ச் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறதே, அதிலிருந்து எடுக்கலாமே என்று. ஆறு வயலுக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. தண்ணீரை மேலே ஏற்ற வழியில்லை. வாய்க்கால் எல்லாம் பக்கவாட்டு ஓடைகளிலிருந்து, பனியாற்று முனைக்குக் கீழே தலைப்பு வைத்து, மலைச்சரிவோடு கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவரப்படுபவை. செங்குத்துப் பாறை வந்தால் சுண்ணம் இல்லாத கற்கட்டு எழுப்பி அதன்மேல் ஓட்டுவார்கள், அதுவும் முடியாத இடத்தில் குடைந்த மரத்தொட்டி.

சரிவு கூடினால் தண்ணீர் வாய்க்காலின் அடியை அரித்துக் கரையை உடைக்கும். குறைந்தால் பனியாற்று மாவு மாதிரியான வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். அதே வண்டல் வயலுக்குள் போனால் நல்லது. கூழாங்கல் காட்டில் மண் என்று ஒன்று சேர்ந்ததே அப்படித்தான். விதைப்புக்கு முன் ஊரே சேர்ந்து தூர் வாரும். பிறகு முறைப்பாசனம், அதைப் பார்த்துக்கொள்பவர் மிராப். பனியாற்று ஓடையில் தண்ணீர் பிற்பகலுக்கு மேல் பெருகி, விடியற்காலையில் மிகவும் இளைத்துப்போகும். அதனால் யாருக்கு எந்த நேரம் என்பது எத்தனை மணி நேரம் என்பதைவிடப் பெரிய கேள்வி. முறையைச் சுழற்றாவிட்டால் விடியற்காலைக்காரர் வருடம் முழுக்க ஏமாறுவார்.

#4 | சமவெளி

நல்ல விளக்கம் நண்பரே. ஊர்களைப் படத்தில் பார்த்தால் எல்லாமே ஓடை வந்து விரியும் விசிறி வடிவ மேட்டில் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் நேராக ஊருக்குள்தானே?

#5 | நீரோட்டம்

ஆமாம், அந்த மேட்டை உண்டாக்கியதே பழைய சேற்று வெள்ளங்கள்தான். தட்டையான, மண் உள்ள, தண்ணீர் எட்டுகிற இடம் வேறு கிடையாது. 2002 ஆகஸ்டில் ஷாக்தரா பள்ளத்தாக்கின் தாஷ்த் ஊரில் மேலே இருந்த பனியாற்று ஏரி உடைந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 ஜூலையில் குந்த் பள்ளத்தாக்கின் பார்செம் ஊரைச் சேறு மூடியது. அது ஆற்றையே மறித்து ஏரியாக்கிவிட்டது, பாமிர் நெடுஞ்சாலையும் மின்கம்பியும் துண்டிக்கப்பட்டன. இரண்டுமே கோடையில் வந்தவை. பலமான வெயில் சில நாள் தொடர்ந்து அடித்தால் மேலே பனி உருகிச் சரளைக்குள் ஊறிவிடும், பிறகு மொத்தமாக இறங்கும். ஊரில் மழையே பெய்திருக்காது. ஓடையில் வழக்கமான பிற்பகல் பெருக்கு வராமல் திடீரென்று தண்ணீர் வற்றினால் மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது ஓடைப்படுகையை விட்டுப் பக்கவாட்டு மேட்டுக்கு ஏறுவதுதான் வழி. ஆற்றோடு கீழே ஓடக் கூடாது.

#6 | தச்சுப்பட்டறை

அங்கே உள்ள வீட்டைப் பற்றி யாராவது விவரமாக எழுதுங்களேன். ஐந்து தூண், மேலே சதுரத்துக்குள் சதுரமாக ஒரு கூரைத்திறப்பு என்று படம் பார்த்ததுண்டு. நிலநடுக்கப் பகுதியில் மண்கூரை வீடு எப்படி நிற்கிறது?

#7 | நிலவரைவு

அதை ஷுக்னி மொழியில் சீத் என்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் கல்லும் மண்ணும் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். எல்லாம் உள்ளேதான். நுழைந்ததும் தாழ்வான தரை, அதைச் சுற்றி மூன்று நான்கு பக்கமும் மண்திண்ணை. உட்காருவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் திண்ணையில். பழைய வீடுகளில் சுவரில் சன்னலே கிடையாது. ஒரே திறப்பு சோர்க்கானா: கனத்த கட்டைகளால் ஒரு சதுரம், அதன்மேல் 45 பாகை திருப்பி அதைவிடச் சிறிய சதுரம், இப்படி நான்கு அடுக்கு. நான்கும் மண், நீர், காற்று, தீ என்று சொல்வார்கள். வெயில் முதலில் தொடும் மேலடுக்கு தீ. புகை வெளியேறுவதும் வெளிச்சம் வருவதும் இதன் வழியே. வெளிச்சக்கட்டம் தரையில் நகர்வதை வைத்து நேரம் பார்க்கலாம்.

ஐந்து தூண்களுக்கும் முகமது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் என்று பெயர். நுழைவுக்கு இடப்பக்கம் முகமது தூண். குழந்தையின் தொட்டில் அதன் அருகே. முன்பு அந்தத் தூணுக்கு வேறு எந்த மரமும் உதவாது, ஆர்ச்சா எனப்படும் மலை ஜூனிப்பர் மரமே வேண்டும் என்பது வழக்கம். திருமணத்தில் மணமக்களை உட்கார வைப்பது அலி தூண் பக்கம். பாத்திமா தூண் பக்கம் மணப்பெண்ணுக்கு அலங்காரம். ஹுசைன் தூண் பக்கம் மதகுருவான கலீஃபா அமர்ந்து ஓதுவார், இறந்தவருக்கு விளக்கேற்றும் சடங்கும் அங்கேதான். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் வந்தால் வீட்டைக் கழுவித் துடைத்து, தூணிலும் உத்திரத்திலும் மாவால் வட்டமும் கோடுமாக அப்புவார்கள். புகையேறிக் கறுத்த மரத்தில் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும், அடுத்த வருடம் வரை அழிக்க மாட்டார்கள்.

மற்ற மரமெல்லாம் பாப்ளரும் வில்லோவும். காட்டுமரம் கிடையாது, வாய்க்கால் கரையில் நட்டு வளர்த்தவை. பாசனம் போனால் வீட்டுமரமும் போச்சு.

நிலநடுக்கத்துக்கு வருகிறேன். கூரையைத் தாங்குவது பெரும்பாலும் தூண்-உத்திரச் சட்டகம். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தாலும் நடுக்கூரை நிற்க வாய்ப்பு உண்டு. சோர்க்கானா கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருப்பதால் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். பலவீனம் சுவரில்: ஆற்று உருண்டைக் கல்லைச் சேற்றில் பதித்தது, மூலையில் பிணைப்பு இல்லை. உத்திரத்தின் ஒரு முனை அதில்தான் செருகியிருக்கிறது.

#8 | தச்சுப்பட்டறை

நன்றி. சுவர் ஒருபக்கம் இருக்கட்டும், கூரைப் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டை, அதன்மேல் குச்சி, அதன்மேல் புல், அதன்மேல் 30 சென்டிமீட்டர் மண் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு அரை டன். 8க்கு 8 மீட்டர் வீடு என்றால் தலைக்கு மேல் 30 டன்! ஒழுகுகிறது என்று ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் 2 சென்டிமீட்டர் புதுச்சாந்து பூசினால் வருடத்துக்கு 2 டன் கூடுகிறது. பத்து வருடத்தில் கூரைப் பாரம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

புதிதாகப் பூசும் முன் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இது முதல் வேலை. பனியைக் கூரையிலிருந்து அன்றன்றைக்கே தள்ள வேண்டும். சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு கல்லாவது உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை முழுக்கப் போக வேண்டும். சன்னல் மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றி மூலையில் வெட்டிப் பொருத்திய மரப்பட்டி ஒன்று ஓட வேண்டும். இந்த நான்கும் உள்ளூர்ப் பொருளிலேயே முடிகிற காரியம்.

தகரக்கூரை போடுகிறவர்கள் மண்ணை எடுக்காமல் அதன்மேலேயே தகரம் அடித்தால் பாரம் குறையாது. மண்ணை முழுக்க எடுத்தால் வெப்பம் ஓடிவிடும். 5 சென்டிமீட்டர் மண் மட்டும் வைத்து மேலே வைக்கோலோ கம்பளிக்கழிவோ பரப்பி, பிறகு தகரம். அதுதான் சரி.

#9 | சமவெளி

சரேஸ் ஏரி உடைந்தால் பர்தாங் முழுக்கப் போய்விடும் என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

#10 | நீரோட்டம்

1911 பிப்ரவரி 18 இரவு நிலநடுக்கத்தில் சுமார் 2 கன கிலோமீட்டர் பாறை சரிந்து மூர்காப் ஆற்றை அடைத்தது. உசோய் ஊர் அடியில் புதைந்தது, பின்னர் தண்ணீர் ஏறி சரேஸ் ஊர் மூழ்கியது. அந்த இயற்கை அணை 550 மீட்டருக்கும் உயரம். உலகில் மனிதன் கட்டிய எந்த அணையும் இதற்குக் கிட்ட வராது. ஏரி 56 கிலோமீட்டர் நீளம், நீர் சுமார் 16–17 கன கிலோமீட்டர்.

அணை இதுவரை நிற்பதற்குக் காரணம், தண்ணீர் மேலே வழியாமல் பாறை இடுக்குகளுக்குள் கசிந்து கீழே ஊற்றாக வெளியே வருவது. ஏறத்தாழ வரும் அளவே கசிந்தும் போகிறது. அந்தக் கசிவுதான் கீழே பர்தாங் ஆறாகிறது. 2015 டிசம்பர் 7 அன்று 7.2 அளவு நிலநடுக்கம் இதே வட்டாரத்தில் வந்தது. பர்தாங் ஊர்களில் நூற்றுக்கணக்கான வீடுகள் சேதம், அணை அசையவில்லை.

அணை சுக்குநூறாகப் போவதைவிட நிபுணர்கள் அதிகம் கவனிப்பது ஏரியின் வலக்கரைச் சரிவை. அது மொத்தமாக ஏரிக்குள் விழுந்தால் எழும் அலை அணையைத் தாண்டலாம். அதற்காகத்தான் அணையில் உணரிகள், கீழே ஊர்களில் எச்சரிக்கை ஒலி, ஒவ்வோர் ஊருக்கும் மேட்டில் ஒதுங்குமிடம் என்று ஏற்பாடு. அணைக்குக் கீழே முதல் ஊர் பர்சிதேவ். அங்கே கிடைக்கும் நேரம் நிமிடக் கணக்குதான். எனவே ஒலி கேட்டபின் மூட்டை கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதை தெரிந்திருக்க வேண்டும், வயதானவரை யார் தூக்குவது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

#11 | கரிசல்

தண்ணீரைப் பற்றி நிறைய வந்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுப்பு. இந்த இழை அதைத் தொடாமல் போகக் கூடாது.

மூர்காப் பக்கம் மரமே கிடையாது. இருப்பது தெரெஸ்கென் என்ற முழங்கால் உயரக் குற்றுச்செடி. சாம்பல் நிறம், பார்த்தால் செத்த குச்சி மாதிரி இருக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளர்ச்சி, நூறாண்டு தாண்டிய செடிகளும் உண்டு. பெரும்பகுதி எடை மண்ணுக்குள் வேராக இருப்பதால் வெட்டினால் பயனில்லை. கூர்மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தால்தான் விறகு. அங்கேதான் சிக்கல்: பெயர்த்த குழி திரும்ப முளைப்பதில்லை, தளர்ந்த மணலைக் காற்று அள்ளிப் போகிறது.

சோவியத் காலத்தில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகர் வழியாக நிலக்கரியும் டீசலும் லாரி லாரியாக வந்தன. வெளியிலிருந்து வரும் சரக்கை நம்பியே மூர்காப் பெரிதாக வளர்ந்தது. 1991-க்குப் பின் அது நின்றது, 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர். குளிரோ மைனஸ் 40 வரை போகிற இடம். அடுப்பை அணைக்க முடியாதல்லவா? ஊரைச் சுற்றியிருந்த தெரெஸ்கென் எல்லாம் அப்போதிருந்து போனது. இன்று லாரியில் பல பத்து கிலோமீட்டர் போய்க் கொண்டுவருகிறார்கள், ஒரு சுமையின் விலையில் பாதி டீசலுக்கே போகும் நிலை.

இதன் அடுத்த அடி மந்தைக்கு. பனி மூடினாலும் தெரெஸ்கென் மேலே தலைநீட்டி நிற்கும், யாக்கும் ஆடும் குளிர்காலத்தில் அதைத்தான் கடிக்கும். விறகாக எரித்த ஒவ்வொரு செடியும் தீவனத்தில் கழிந்தது. தீவனம் குறைந்தால் மந்தை சிறுக்கும், மந்தை சிறுத்தால் சாணம் குறையும், சாணம் குறைந்தால் மறுபடி தெரெஸ்கென். இந்த வளையத்தை எங்காவது அறுக்காமல் மரக்கன்று நடுவதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

சாண எரிபொருள் இரண்டு வகை. தெசெக் என்பது யாக், மாட்டுச் சாணம். நம் வறட்டி போலத் தட்டியும், மேய்ச்சலில் காய்ந்ததைப் பொறுக்கியும் சேர்ப்பது. க்யிக் என்பது ஆட்டுப்பட்டியில் குளிர்காலம் முழுக்க மிதிபட்டு இறுகிய அடுக்கு. வசந்தத்தில் அதை மண்வெட்டியால் செங்கல் அளவுக்கு வெட்டி, காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கிக் கோடை முழுக்க உலர்த்த வேண்டும். உலரும் முன் அடுக்கிவிட்டால் நடுவில் ஈரம் நின்று குளிர்காலத்தில் புகைதான் வரும், சூடு வராது. க்யிக் நிதானமாக நின்று எரியும், சாம்பல் அதிகம். தெரெஸ்கென் சடசடவென்று எரிந்து உடனே சூடு தரும், அரைமணியில் முடிந்துவிடும். ஆகவே காலையில் தெரெஸ்கென் நான்கைந்து கட்டு வைத்துப் பற்றவைத்து, மேலே க்யிக் போட்டுத் தக்கவைப்பது வழக்கம். பற்றவைக்க மட்டும் தெரெஸ்கென் என்று கட்டுப்படுத்தினாலே செலவு பெருமளவு இறங்கும்.

#12 | முல்லைக்கொடி

மின்சாரம்? அத்தனை ஆறு ஓடுகிறதே.

#13 | கரிசல்

மேற்கில் நிலைமை பரவாயில்லை அம்மா. 2002-இல் பாமிர் எனர்ஜி நிறுவனம் வந்தது, கோரோக்குக்கு மேலே குந்த் ஆற்றில் 28 மெகாவாட் நிலையம் இருக்கிறது. எந்த நீர்மின் நிலையத்துக்கும் அங்கே உள்ள கஷ்டம், தேவை உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் ஆறு இளைத்து, பாதி உறைந்து கிடப்பது. அதைச் சமாளிக்க மேலே யஷில்குல் ஏரியில் கோடைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குளிர்காலத்தில் விடுகிறார்கள். மூர்காப் தொலைவில் இருப்பதால் தனியாகச் சிறு நிலையம்தான் கைகொடுக்கும். வெளிச்சத்துக்குப் போதும், வீடு முழுக்கச் சூடாக்க வராது.

என் கருத்து: புதிதாக மின்சாரம் உண்டாக்குவதற்கு முன் வெப்பம் ஓடும் வழியை அடைப்பது மலிவு. சோர்க்கானாவுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்கு முன் ஒரு சிறு இடைகழி, திண்ணைக்கும் சுவருக்கும் நடுவே கம்பளி அடைப்பு. இம்மூன்றும் செய்த வீட்டுக்கு விறகு கண்கூடாகக் குறைகிறது. ஒரே எச்சரிக்கை: திறப்பை அடைத்தபின் புகைக்குழாய் கூரைக்கு மேல் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் கனன்றுகொண்டிருக்கும் க்யிக் கார்பன் மோனாக்சைடு விட்டு ஆளைக் கொல்லும்.

#14 | மொழிமரம்

மக்கள் பக்கம் கொஞ்சம். மேற்கில் இருப்பவர்களை தஜிக் என்று ஒரே பெயரில் அடக்கிவிட முடியாது. பாமிரி மொழிகள் கிழக்கு ஈரானியக் கிளை. தஜிக் மொழி பாரசீகத்தின் வகை. ஷுக்னி பேசுபவர் தஜிக் படித்தால்தான் புரியும். ஷுக்னி, ருஷானி, பர்தாங்கி ஒன்றுக்கொன்று நெருக்கம். யாஸ்குலாமி சற்று விலகியது. இஷ்காஷிமி, வாக்கி இரண்டும் தனித்தனி. வாக்கி பேசுபவரும் ஷுக்னி பேசுபவரும் சந்தித்தால் தஜிக்கிலோ ரஷ்யனிலோதான் பேசிக்கொள்வார்கள். கோரோக் சந்தையில் ஷுக்னி தெரிந்தால் எல்லாம் நடக்கும். பள்ளி தஜிக்கில், 1930-களில் ஷுக்னிக்கு லத்தீன் எழுத்தில் பாடநூல் போட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். கிழக்கில் மூர்காப் கிர்கிஸ் மக்கள் பேசுவது துருக்கியக் குடும்பம், முற்றிலும் வேறு.

மதமும் ஏறத்தாழ அதே கோடு. ஷுக்னான், ருஷான், இஷ்காஷிம், வாக்கான் பக்கத்தார் ஷியா பிரிவைச் சேர்ந்த நிசாரி இஸ்மாயிலிகள், ஆகா கானை இமாமாகக் கொண்டவர்கள். இந்த மரபை 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நாசிர் குஸ்ரவ் வரை கொண்டு போவார்கள். வஞ்ச், தர்வாஸ், யாஸ்குலாம் பக்கமும் கிர்கிஸ்களும் சுன்னி. போர்க்காலத்தில் பட்டினி நெருங்கியபோது 1993 முதல் ஆகா கான் அமைப்பு உணவு கொண்டுவந்து சேர்த்தது, 1995-இல் நான்காம் ஆகா கான் முதன்முறையாக நேரில் வந்தார். வீட்டுக்கு வீடு அவர் படம் தொங்கியதற்குப் பின்னால் பக்தி மட்டும் இல்லை, அந்த ரொட்டியும் இருந்தது.

எல்லைக்கோடு இவர்களைக் கேட்டுப் போட்டதில்லை. 1895-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் அதை முடிவு செய்தபோது, இன்று ஆப்கன் எல்லையாக ஓடும் பஞ்ச் ஆற்றின் இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே சொந்தம். வாக்கி மக்கள் இன்று தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சீனா என நான்கு நாட்டில் இருக்கிறார்கள். 2002-இல் கோரோக் பக்கம் தெம் பாலம் வந்தபின் வாரச்சந்தையில் இரு கரையாரும் சந்திக்க முடிந்தது. அரசியல் மாறினால் அந்தக் கதவு சாத்தப்படும், திறக்கும்.

வாக்கானில் யம்க் ஊரில் துளையிட்ட கல் ஒன்று நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டுச் சூஃபிக் கவி முபாரக்-இ வாக்கானி நிறுத்தியது. துளை வழியே பார்த்து, எதிர்மலையில் குறித்த இடத்தில் சூரியன் வருகிறதா என்று கண்டு நவ்ரூஸ் நாளை முடிவு செய்வார்கள். விதைப்பு ஒரு வாரம் பிசகினால் விளைச்சல் உறைபனியில் மாட்டும் ஊரில், அந்தக் கல் விவசாயக் கருவி.

#15 | சமவெளி

ஓஷிலிருந்து மூர்காப் வந்து கோரோக் இறங்குவது, துஷான்பேயிலிருந்து கோரோக் வந்து மூர்காப் ஏறுவது, எது மேல்? நண்பர்கள் நால்வர் திட்டமிடுகிறோம்.

#16 | மலைமருந்து

உடம்பைப் பொறுத்தவரை இரண்டாவது. காரணம் இதோ. ஓஷ் 1,000 மீட்டர் அளவில். அங்கிருந்து ஒரே நாளில் கிசில்-ஆர்ட் கணவாய் 4,280, கராகுல் ஏரி 3,900-க்கு மேல், அக்-பைதால் 4,655 தாண்டி மூர்காப் 3,600-இல் தூங்குகிறீர்கள். இது தலைவலியை விலைக்கு வாங்குவது. துஷான்பேயிலிருந்து வந்தால் கோரோக் 2,100, வாக்கானின் லங்கர் 2,800 சொச்சம், பிறகு கர்குஷ் கணவாய் 4,344 ஏறி அலிச்சூர் 3,900 என்று படிப்படி.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது: உயரத்தால் நோய் வந்தால் இறங்கு என்பது பொது விதி. கராகுலில் நோய் வந்தால் இறங்க இடமில்லை. வடக்கே 4,280 கணவாய், தெற்கே 4,655 கணவாய். எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டும். அதனால் கராகுலில் முதல் இரவு தங்கும் திட்டம் வேண்டாம். ஓஷ் வழியாகத்தான் வர வேண்டுமென்றால் சரி-தாஷ் 3,170-இல் இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள்.

மருந்து: அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்து. சல்பா ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அது மருந்தின் இயல்பு. ஒருவர் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றிரவே வண்டி எடுக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

#17 | கரிசல்

மலைமருந்து சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா தவிர இந்தப் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். சோதனைச்சாவடிதோறும் பதிவு செய்வார்கள், கடவுச்சீட்டு, அனுமதி நகல்கள் பத்து வைத்துக்கொள்ளுங்கள். 2021-22-இல் கோரோக், ருஷான் பக்கம் கடும் மோதல் நடந்து பகுதியே மூடப்பட்டது. கிளம்பும் முன் நிலவரம் பாருங்கள், அங்கே போய் அரசியல் பேசி உள்ளூராரைச் சிக்கலில் மாட்டாதீர்கள். கோரோக்–மூர்காப் 310 கிலோமீட்டர், மூர்காப்–ஓஷ் 420. ஒரு நாள் ஒரு துண்டு என்று வைத்தாலும் நாளைக்கொரு நாள் உபரி வேண்டும். கோடையில் ஓடை கடக்கும் இடங்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள், காரணம் நீரோட்டம் #3-இல் சொன்ன பிற்பகல் பெருக்கு. பணத்தை கோரோக்கிலேயே தஜிக் நாணயமான சோமோனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

#18 | அடுக்களை

சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை! மூர்காப்பில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதிக்கும், அக்-பைதால் மேலே 85 அளவில். திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவே நேரமாகும், பருப்பு மணிக்கணக்கில் வேகாது. சமைத்துக்கொள்ள நினைப்பவர்கள் 3 லிட்டர் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள், புதிதாக ஒரு கேஸ்கட்டோடு. குளிரில் ரப்பர் இறுகி ஆவி கசியும்.

உள்ளூரில் காலை உணவு ஷீர்ச்சாய். நால்வருக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி கருந்தேயிலை போட்டு நன்றாக இறங்கும் வரை கொதிக்கவிட்டு, அரை லிட்டர் பால் ஊற்றி இன்னொரு கொதி. அரைக்கரண்டி உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் பால் சற்றுப் பழையதாக இருந்தாலும் திரிந்துவிடும். கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஊற்றி, ஒரு துண்டு வெண்ணெய். சர்க்கரை கிடையாது. குளிரில் வேலைக்குப் போகிறவருக்கு உப்பும் கொழுப்பும் சேர்ந்து கிடைக்கிறது.

மேற்குப் பள்ளத்தாக்கில் முசுக்கட்டைப் பழத்தைக் கூரையில் உலர்த்தி இடித்து மாவாக்கி வைப்பார்கள். பஞ்சகாலத்தில் அதுவே சாப்பாடு. இடிக்கும்போது ஈரம் இருந்தால் உரலோடு பசையாக ஒட்டிக்கொள்ளும். கடும் குளிரில், பழம் கல்லாக உறைந்த நாளில் இடித்தால்தான் மாவாகும். நவ்ரூஸுக்கு ஆட்டுத்தலை, கால், குத்திய கோதுமை சேர்த்து இரவு முழுக்கச் சிறுதீயில் போஜ் வேகும். விறகுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விருந்து என்று புரியும்.

#19 | முல்லைக்கொடி

கடைசியாக ஒன்று. ஆப்கன் பக்கப் பாமிரில் கிர்கிஸ் மக்கள் இன்னும் இருக்கிறார்களா?

#20 | மொழிமரம்

இருக்கிறார்கள், சிறிய தொகை. 1978-இல் காபூல் ஆட்சி மாறியதும் ரஹ்மான் குல் கான் தலைமையில் பெரும்பகுதியினர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பாகிஸ்தானுக்குள் இறங்கினார்கள். அங்கே வெயிலும் நோயும் தாங்காமல் 1982-இல் துருக்கியின் வான் வட்டாரத்துக்கு அழைத்துப் போகப்பட்டுக் குடியேறினார்கள். திரும்பி வந்தவர்களும் போகாமல் நின்றவர்களும்தான் இப்போது சிறு பாமிர், பெரும் பாமிர் மேய்ச்சல் நிலங்களில் 4,000 மீட்டரில் இருப்பவர்கள். மாவு, தேயிலை, எல்லாம் கீழே வாக்கி ஊர்களிலிருந்து வருகிறது. ஆடும் நெய்யும் கொடுத்து வாங்குகிறார்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தால் கீழே இறங்கப் பல நாள் யாக்கிலும் குதிரையிலும் போக வேண்டும் என்பதால் தாய்-சேய் இறப்பு அங்கே மிக அதிகம்.